ஆடை நமது, அளவுகோலும் நமதே!

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். மின்கட்டணம், மராமத்து, மக்தப் மத்ரஸாச் செலவு, பைத்துல்மால் உதவி என ஒவ்வொன்றும் ரூபாய் பைசாவோடு பதிவாகியுள்ளது. ஆனால் நம் மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெருஞ்செலவு நடந்தேறுகிறது. அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. எந்தத் தணிக்கையாளரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்பதற்காகச் செய்யப்படும் செலவே அது. தேவைக்காக வாங்கிய துணியைவிட, பிறர் பார்வைக்காக வாங்கிய துணியே நம் அலமாரிகளில் அதிகம். அந்தச் செலவில் பணம் மட்டும் போவதில்லை; நாம் யார் என்கிற நினைவும் சேர்ந்தே போகிறது. அதைக் குறித்துச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆடை எதற்காக?

திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயமான அல்அஃராஃபில் அல்லாஹுத்தஆலா ஆதமுடைய மக்கள் அனைவரையும் விளித்து ஆடையைப் பற்றிப் பேசுகின்றான். மானத்தை மறைப்பது ஆடையின் முதற்பயன். அழகு சேர்ப்பது அதன் இரண்டாம் பயன். இவ்விரண்டினும் மேலானது தக்வா எனும் இறையச்சமாகிய ஆடை என்பது அவ்வசனத்தின் கருத்தாகும். அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தை ஹராமாக்கியவர் யார் என்று அதே அத்தியாயம் வினவவும் செய்கிறது. ஆகவே அழகாக உடுத்துவது மார்க்கத்திற்குப் புறம்பானது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

நல்ல ஆடையும் நல்ல காலணியும் அணிய விரும்புவது பெருமையில் சேருமா என ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் அண்ணலார் விளக்கினார்கள். ஆக, குற்றம் துணியில் இல்லை. துணிக்குள் இருக்கும் நெஞ்சில்தான் இருக்கிறது.

அண்ணலாரின் உடைப் பழக்கத்தை நோக்குவோம். யமன் நாட்டில் நெய்யப்பட்ட கோடு போட்ட ‘ஹிபரா’ என்னும் போர்வையை அவர்கள் மிகவும் விரும்பி அணிந்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தபூக் பயணத்தின்போது ஷாம் தேசத்து ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். உளூச் செய்யும் வேளையில் அதன் கைகள் இறுக்கமாயிருந்தமையால் ஜுப்பாவின் கீழ்ப்புறமாகக் கரங்களை வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டார்கள் என்று முஃகீரா (ரலி) அறிவிக்கிறார்கள். யமன் ஒரு புறம், ரோமர் ஆண்ட ஷாம் மறுபுறம். இரு தேசத்து ஆடைகளும் அந்தத் திருமேனியை அலங்கரித்தன. ஒரே தேசத்து ஆடையை உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் சீருடையாக்கும் நோக்கம் அண்ணலாருக்கு இருந்ததில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

மார்க்கம் எல்லைகளை வகுத்துள்ளது. மறைக்க வேண்டியது மறைய வேண்டும். உடல் தெரியுமளவு மெல்லியதாகவோ இறுக்கமாகவோ இருத்தலாகாது. ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் ஆகாது. ஆண் பெண்ணைப் போலவும் பெண் ஆணைப் போலவும் உடுத்தலாகாது. வீண்விரயமும் ஆணவமும் கூடாது. இந்த வரம்புகளுக்கு உட்பட்ட பரந்த வெளியை அந்தந்த ஊரின் வழக்கத்திற்கும், அவரவர் விருப்பத்திற்கும் மார்க்கம் விட்டுவிட்டது. வழக்கம் ஆதாரமாகக் கொள்ளப்படும் என்பதை ஃபிக்ஹுக் கலையின் ஐந்து அடிப்படை விதிகளுள் ஒன்றாக மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கிறார்கள். வரம்புக்குள் நின்று உண்பதிலும் உடுப்பதிலும் மனிதன் தன் விருப்பப்படி நடக்கலாம், வீண்விரயமும் கர்வமும் மட்டும் தீண்டாதிருக்கட்டும் என்னும் கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

இருபுறமும் உள்ள வேலிகள்

இங்கே இரு சொற்களை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது ‘இம்மஆ’. யாரைக் கண்டாலும் ‘நான் உன்னோடு’ என்று கூறிக்கொண்டு பின்னால் செல்பவனுக்கு அரபியர் இட்ட பெயர் அது. மக்கள் நன்மை செய்தால் நாமும் நன்மை செய்வோம், அவர்கள் அநீதி செய்தால் நாமும் செய்வோம் என்று கூறும் இம்மஆக்களாக ஆகிவிடாதீர்கள், உங்கள் உள்ளங்களை நிலைப்படுத்திக் கொள்ளுங்கள் என்ற கருத்துடைய நபிமொழி ஹுதைஃபா (ரலி) வாயிலாகத் திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சொல்லாகவும் இதே கருத்து அறிவிக்கப்படுகிறது.

இரண்டாவது ‘லிபாஸுஷ் ஷுஹ்ரா’. ஊரார் விரல் நீட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உடுத்தும் விளம்பர ஆடை அது. அவ்வாறு உடுத்துபவர் மறுமையில் இழிவின் ஆடையை அணிவிக்கப்படுவார் என எச்சரிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் உள்ளது. விலையுயர்ந்த ஆடையால் மட்டும் இந்தப் புகழாசை வருவதில்லை. எளிமையைக் காட்டிப் பெயர் வாங்கக் கந்தல் அணிவதும் இதில் அடங்கும் என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர்.

ஊரோடு ஒத்து ஓடு என்பது நம் நாட்டுப் பழமொழி. மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தால் ஊரோடு ஒத்து ஓடத்தான் வேண்டும். ஆனால் ஊர் எதற்காக ஓடுகிறது என்று அறியாமலே ஓடுபவன் இம்மஆ. ஊர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எதிர்த்திசையில் ஓடுபவன் ஷுஹ்ராவின் அடிமை. இருவருமே பிறர் கண்களைத்தான் எஜமானாகக் கொண்டுள்ளனர். தனித்தன்மை என்பது இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள நேரிய வழியாகும். தனக்குப் பொருந்துவது எது, தன் வருவாய்க்கு ஏற்றது எது, தன் இறைவனுக்கு உவப்பானது எது என்று தானே சிந்தித்து உடுத்துபவனே தனித்தன்மை உடையவன்.

நம் கடற்கரையின் கதை

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். வேறுபாடு குறையன்று, படைத்தவனின் கைவண்ணம்.

மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா வருவோர் ஐந்து ரதங்களைக் கண்டு வியக்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கல்தச்சர்கள் இயற்கையான பாறையைக் குடைந்து செதுக்கிய வேலைப்பாடு அது. ஒன்றின் கூரை குடிசையைப் போன்றது. மற்றொன்றின் கூரை வண்டிக் கூண்டைப் போல் நீண்டது. இன்னொன்று யானையின் முதுகைப் போல் வளைந்தது. வேறொன்று அடுக்கடுக்காய் உயர்ந்தது. ஒரே இடத்துக் கல்லில் வேலை செய்த உளிகளுக்கே இத்தனை வகை தோன்றியிருக்குமாயின், அல்லாஹ் தன் கரத்தால் படைத்த மனிதர்கள் மட்டும் ஒரே அச்சில் வார்த்த செங்கற்களாக இருக்க ஏன் ஆசைப்பட வேண்டும்?

மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இன்றும் சிதைந்த நிலையில் நிற்கிறது. அவர்களை அந்தக் கரைக்கு இழுத்து வந்தவற்றுள் முதன்மையானது இப்பகுதி நெசவாளர்கள் நெய்த மெல்லிய மஸ்லின் துணி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பழவேற்காடும் அவ்வாறே துணி ஏற்றுமதியில் புகழ் பெற்றிருந்தது. அங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைலி மலாய் நாடுகளில் பரவியது. மலாய் முஸ்லிம்கள் இன்றும் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் அந்தக் கைலிக்கு அவர்கள் மொழியில் ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். பெலிக்கட் என்பது பழவேற்காட்டின் பெயரே. நம் கரையின் பெயரை அவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு அல்லாஹ்வின் முன் நிற்கிறார்கள். நம் பிள்ளைகளோ அதே கைலியுடன் கடைத்தெருவுக்குப் போக வெட்கப்படுகிறார்கள்!

1950களின் இறுதியில் இந்தக் கட்டம் போட்ட துணி அமெரிக்காவிற்குச் சென்றது. துவைத்தபோது சாயம் கலங்கியதால் வாங்கியவர்கள் முறையிட்டனர். வணிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறுவதே இதன் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்தார்கள். ‘சாயம் போகும் மெட்ராஸ்’ என்னும் பெயரோடு அது 1960களில் அங்குள்ள கல்லூரி இளைஞர்களின் நாகரிக உடையாயிற்று. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. இன்று எது நாகரிகம், எது பட்டிக்காட்டுத்தனம் என்று தீர்மானிப்பது துணியின் தரமன்று, விற்பவனின் வாய்ச்சாலகமே. மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டார் பருத்தித் துணிகளையும் கைலிகளையும் தேடி வாங்கி உடுத்துவதையும், அதே தெருவில் நம் இளைஞர்கள் கிழித்து விற்கப்படும் ஜீன்ஸை முழு விலை கொடுத்து வாங்கி அணிந்து செல்வதையும் காண்போர்க்கு இது நன்கு விளங்கும்.

நம் முன்னோர் இஸ்லாத்தை ஏற்றபோது தமிழைக் கைவிடவில்லை. தமிழைப் பேசியபோது இஸ்லாத்தை இழக்கவுமில்லை. உமறுப் புலவர் அண்ணலாரின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழ்க் காப்பிய மரபில் பாடினார். ஆலிம்கள் அரபு எழுத்துகளில் தமிழை எழுதி அரபுத்தமிழ் என்னும் தனி மரபையே உருவாக்கினார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம் பள்ளிவாசல்களில் தமிழகக் கல்தச்சரின் தூண்களும் போதிகைகளும் உள்ளன. அவற்றில் உருவங்களுக்குப் பதிலாகப் பூக்களும் கொடிகளும் செதுக்கப்பட்டுள்ளன. சென்னை திருவல்லிக்கேணியில் 1795ஆம் ஆண்டு எழுந்த வாலாஜா பள்ளிவாசல் சாம்பல் நிறக் கருங்கல்லால் ஆனது. அதிலுள்ள பாரசீகக் கல்வெட்டுப் பாடலை இயற்றியவர் மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். இவையெல்லாம் எவரையும் பார்த்துப் படியெடுத்தவையல்ல. தீனை உறுதியாகப் பற்றிக்கொண்டு, இருந்த இடத்தின் அழகை ஏற்றுக்கொண்ட மனங்களில் தோன்றியவை.

வேட்டிக்கு ஒரு சட்டம்

நம் மாநிலத்தில் அண்மைக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்வை எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள், தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டி அணிந்து சென்றார். மன்றத்தின் உடை விதியைக் காட்டி அவரை உள்ளே விட மறுத்தனர். தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழனின் வேட்டிக்கு இடமில்லை! வெள்ளையர் காலத்து வழக்கம் வெள்ளையர் போய் அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியும் வாசலில் காவல் நின்றது. செய்தி பரவி மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வேட்டி முதலான இந்தியப் பாரம்பரிய உடையைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பது குற்றமாயிற்று. மீறும் மன்றத்தின் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சட்டம் மன்றத்தின் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் நம் மனக்கதவை எந்தச் சட்டசபை திறக்கும்? நம் வீட்டுத் திருமணத்தில் வெள்ளை வேட்டி சட்டையுடன் வரும் உறவினரை வாசலில் நிறுத்திவிட்டு, கோட்டு அணிந்தவரை முன்வரிசைக்கு அழைத்துச் செல்கிறோமே, அந்த விதியை எழுதியவர் யார்?

1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கிலாஃபத் இயக்கத் தலைவர் மௌலானா முஹம்மது அலி அவர்கள் காந்தியடிகளுடன் சென்னையை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது வால்டேரில் கைது செய்யப்பட்டார்கள். காந்தியடிகள் தம் பயணத்தைத் தொடர்ந்தார். அந்நியத் துணியை விடச் சொன்னால், கதர் வாங்க வசதியில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவரை வாட்டியது. செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த இல்லத்தில் அவர் அரையாடைக்கு மாறினார். பத்தாண்டுகளுக்குப் பின் 1931இல் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைக்கும் அதே கோலத்தில் சென்றார். ஏழையின் துணி மன்னரின் மாளிகைக்குள் நுழைந்தது.

நம் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குச் சென்றபோது வழியில் நீரோடை குறுக்கிட்டது. காலுறைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒட்டகத்தின் கயிற்றைக் கையில் பிடித்தவாறு தண்ணீரில் இறங்கினார்கள். இந்நாட்டார் தங்களை இந்தக் கோலத்தில் காண்பது தமக்கு உவப்பாயில்லை என்று தளபதி அபூஉபைதா (ரலி) கூறினார்கள். இஸ்லாத்தைக் கொண்டே அல்லாஹ் நமக்குக் கண்ணியமளித்தான், வேறொன்றில் கண்ணியம் தேடினால் இழிவே மிஞ்சும் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். உலகப் பேரரசுகளை வென்றவருக்கு அப்பேரரசுகளின் உடை தேவைப்படவில்லை.

குரோம்பேட்டையில் வாழ்ந்த கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்களையும் நினைவுகூர்வோம். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, தொன்மையே அளவுகோல் எனில் அத்தகுதி தமிழுக்கே உண்டு என்று எடுத்துரைத்தவர் அவர். அவையின் பெரும்போக்கு வேறு திசையில் சென்றது. ஒரு முஸ்லிம் தலைவரிடமிருந்து பலர் எதிர்பார்த்த சொல்லும் அதுவன்று. தாம் யார் என்பதை அறிந்தவர் பேசிய சொல் அது.

சகோதரிகளுக்கு

தாய்மார்களே, சகோதரிகளே! உங்களுக்கும் ஒரு சொல். நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வெளியே சென்றனர். வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் பிழைக்கச் சென்ற காலத்திற்குப் பின், 1980களிலிருந்து கறுப்பு அபாயா படிப்படியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. மார்க்கம் கேட்பது மறைத்தலையும் ஒழுக்கத்தையும், வண்ணத்தையன்று. கறுப்பு அபாயாவைத் தன் விருப்பத்தோடு அணியும் பெண் முழு மரியாதைக்குரியவள். பாட்டியின் வெள்ளைத் துப்பட்டியை விடாத பெண்ணும் மார்க்கத்தில் குறைந்தவளல்லள். மார்க்க வரம்பு பேணப்படும் வரை ஒருத்தி மற்றொருத்தியின் துணியைப் பார்த்து அவளது ஈமானை எடைபோடுவது நமக்கு ஆகாது. கல்லும் முத்தும் பதித்து ஆயிரக்கணக்கில் விலை வைக்கப்பட்ட அபாயாக்களும் இப்போது கடைகளில் தொங்குகின்றன. கவனத்தைத் திருப்புவதற்கான ஆடையே கவனத்தை இழுக்கும் ஆடையாகிவிட்டால், அதன் நோக்கம் எங்கே போயிற்று என்று அணிபவரே சிந்திக்கட்டும்.

கர்நாடகத்தில் 2022ஆம் ஆண்டு நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. கல்வி நிலையங்களில் மாணவியர் ஹிஜாப் அணிவதற்கு எதிரான அரசாணையை மார்ச் 15ஆம் நாள் அம்மாநில உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. மேல்முறையீட்டில் அக்டோபர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்ஷு துலியாவோ, இது அந்தப் பெண்ணின் விருப்பத்தைச் சார்ந்தது என்றும், பெண் குழந்தைகளின் கல்வியே முதன்மையானது என்றும் கருத்துரைத்தார். தனக்குச் சரியெனப்பட்டதை உடுத்தும் உரிமைக்காக நம் பெண் மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அந்த உரிமையை வெளியில் கேட்கும் நாம், வீட்டுக்குள்ளும் மஹல்லாவுக்குள்ளும் ஒருவருக்கொருவர் அதை வழங்க வேண்டாமா?

பெருநாளும் புத்தாடையும்

அருமை இளைஞர்களே! நோன்புப் பெருநாள் நெருங்கும் வேளையில் நண்பர்கள் கூடி ஒரே நிறத்தில் குர்தா எடுத்து, ஒரே வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பகுதியில் வேரூன்றிவிட்டது. சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். கணவர் இல்லாதவர், வீட்டு வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவர். நண்பர்கள் தீர்மானித்த குர்தாவின் விலையைக் கொடுக்க அவரால் இயலவில்லை. அதனால் மகன் பெருநாள் தொழுகைக்கே வர மறுக்கிறான் என்று கூறிக் கண்கலங்கினார். அந்த நண்பர்களில் எவரும் கெட்ட பிள்ளையல்லர். எவரும் அவனை வரக்கூடாதென்று சொல்லவுமில்லை. ஆனால் ‘எல்லோரும்’ என்ற ஒரு சொல்லே அவனை வெளியே நிறுத்திவிட்டது. முப்பது நோன்பையும் நோற்ற பிள்ளையைத் தக்பீர் முழங்கும் நாளில் ஒரு துணியின் நிறம் வீட்டுக்குள் முடக்கிப் போடுமாயின், அந்த நிறம் நமக்குத் தேவைதானா?

பெருநாளில் நல்லாடை அணிவது மரபே. உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவிலிருந்து ஒரு பட்டு ஜுப்பாவை எடுத்து வந்து, பெருநாளிலும் தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போதும் அணிந்துகொள்ள இதை வாங்கிக் கொள்ளுங்கள் என்று அண்ணலாரிடம் கூறினார்கள். பெருநாளில் அலங்கரித்துக் கொள்வதை அண்ணலார் மறுக்கவில்லை. அந்த ஆடையைத்தான் ஏற்க மறுத்தார்கள். பெருநாளுக்கு உள்ளவற்றில் நல்லதை அணிவதே ஸுன்னத்தாகும். புதிதாக இருக்க வேண்டும் என்றோ, பக்கத்து வீட்டாருடையதைப் போலிருக்க வேண்டும் என்றோ மார்க்கம் கூறவில்லை. வெளுத்து, இஸ்திரி போட்டு, அத்தர் தடவிய பழைய சட்டைக்குப் பெருநாளன்று ஒரு குறையும் இல்லை.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜீன்ஸ் அணிந்து ஒரு பிள்ளை முதல் ஸஃப்பில் நின்றால் முகம் சுளிக்காதீர்கள். ஆணுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும். ருகூவிலும் ஸஜ்தாவிலும் சட்டை மேலேறி இடுப்பு வெளிப்படாதிருக்க வேண்டும். இதை அன்போடு தனியாகச் சொல்லுங்கள். மார்க்கச் சட்டத்தைச் சொல்வது நம் கடமை. நம் இளமைக்கால வழக்கத்தை மார்க்கச் சட்டமாக்கிச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஒருவர் ஜிப்பாவை விரும்புவார். ஒருவர் சட்டையையும் கைலியையும் விரும்புவார். மற்றொருவர் பேன்ட்டை விரும்புவார். மூவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதுதான் ஸஃப்பின் அழகு. தோள்கள் ஒன்றாக வேண்டும். துணிகள் ஒன்றாக வேண்டியதில்லை.

ஜமாஅத்தின் முன் சில யோசனைகள்

நம் திருமணங்களைப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு ஷெர்வானி, ஒரே ஒரு நாள் அணிவதற்கு. மணப்பெண்ணுக்குக் கனத்த வேலைப்பாடுள்ள உடை, அதுவும் ஒரே ஒரு நாள் அணிவதற்கு. வசதியுள்ளவர் தொடங்கி வைத்தார். நடுத்தரக் குடும்பம் தவணையில் வாங்கிப் பின்தொடர்ந்தது. ஏழையோ நகையை அடகு வைத்தாவது அந்த வரிசையில் சேர வேண்டியதாயிற்று. வட்டிக்குக் கடன் வாங்கி எடுத்த உடையோடு நிக்காஹ் மேடையில் அமர்வதில் பரக்கத் எங்கிருந்து வரும்? முதலில் தொடங்கி வைத்தவர் தாம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே கருதுகிறார். ஆயினும் பின்னால் வருபவரின் சுமையில் அவருக்கும் பங்குண்டு.

ஆகவே ஜமாஅத்தின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, பெருநாளுக்கு ஒரே நிற ஆடை எடுப்பதை நம் இளைஞர் அணியினர் தாமாகவே கைவிட்டு, அதற்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பைத்துல்மாலின் பெருநாள் உடை உதவிக்கு அளிக்கட்டும். இரண்டாவது, வசதியுள்ள குடும்பத்தாரில் சிலரேனும் தங்கள் பிள்ளையின் நிக்காஹை வெள்ளை வேட்டியிலோ கைத்தறி ஆடையிலோ எளிமையாக நடத்தி முன்மாதிரி ஆகட்டும். ஏழை எளிமையாக நடத்தினால் அது இயலாமை எனப்படும். வசதியுள்ளவர் நடத்தினால்தான் அது வழக்கமாக மாறும். மூன்றாவது, ஒருமுறை மட்டும் அணியப்பட்ட திருமண உடைகளைத் தூய்மை செய்து ஜமாஅத்தில் சேகரித்து வைத்து, விரும்பிக் கேட்பவருக்குப் பெயர் வெளியே தெரியாமல் கொடுத்துதவ ஏற்பாடு செய்யப்படட்டும். எவரையும் கட்டாயப்படுத்தும் தீர்மானம் வேண்டாம். ஒரு கட்டாயத்தை நீக்கப் போய் மற்றொரு கட்டாயத்தைக் கொண்டுவருவது அறிவுடைமையாகாது.

அன்பர்களே! கப்ரில் நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே வைக்கப்படுவோம். அங்கே மட்டும் எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடை. அதற்குத் தையலும் இல்லை, பையும் இல்லை. அதுவரை உள்ள நாட்களில் அல்லாஹ் நமக்கு அருளிய முகத்தையும், மொழியையும், ஊரையும், வசதியையும் நன்றியோடு ஏற்று, அவன் வகுத்த வரம்புக்குள் நமக்குப் பொருந்தியதை மனநிறைவோடு உடுத்துவோமாக.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களை ஹலாலான ஆடையாலும், உள்ளங்களைத் தக்வாவின் ஆடையாலும் அலங்கரிப்பாயாக! பிறர் பார்வைக்கு அடிமையாவதிலிருந்தும், பிறரை இழிவாகப் பார்ப்பதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்குத் தம்மைத் தாமே மதிக்கும் நெஞ்சுரத்தையும், பிறரை மதிக்கும் பண்பையும் வழங்குவாயாக! எங்கள் மஹல்லாவில் துணியின் பொருட்டு எந்த ஏழையும் வெட்கித் தலைகுனியாத நிலையைத் தந்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.